இன்னாசிமுத்துவின் பெருந்தன்மை

கோயில் உபதேசியார் நெகிழ்ந்துபோனார். தறிப்பட்டறை முதலாளி இன்னாசிமுத்து இப்படிப் பேசி அவர் கேட்டதேயில்லை.

“மூணு வருசமா ஊரே பாக்க அந்தச் சவரியார் என்ற முதுகைப் பொளந்தானுங்க. அத்தனையும் மன்னிச்சுட்டேன்.”

“உங்க தறிக்காரருதானுங்களே. வேலையை விட்டு நிறுத்தலீங்களா?”

“பழி வாங்கறது பாவமில்லீங்களா? இந்த வருசம் என்ற எடத்தையே அவனுக்குக் குடுத்துருங்க. அவன் எடத்துல நான் நிக்கறேன்.”

வெள்ளைக்காரச் சாமியார் பிரசங்கத்திலேயே இந்தத் தாழ்மையைப் புகழ, அம்மாபேட்டைப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பெரிய வெள்ளியன்று கோயில் வாசலில் சேசுநாதர் பாடுகளின் நாடகம். மூன்று வருடம் சேசுநாதராக நின்று அடி வாங்கிய முதலாளி, இம்முறை சவரியாரின் சேவகன் வேடத்தில் சாட்டையோடு வந்தார். தூணில் கட்டியிருந்தது சவரியாரை. நாடகத்துக்குப் பத்து அடி போதும். இன்னாசிமுத்துவுக்கு முப்பதும் போதவில்லை.

சிலுவையில் ஏற்றியதும் சவரியார் வானத்தைப் பார்த்து, சொல்லிக்கொடுத்தபடியே கணீரென்று ஆரம்பித்தார்.

“பிதாவே, இவர்கள் அறியாமல் செய்கிறார்கள். இவர்களை மன்னித்தருளும்.”

பிறகு கீழே நின்ற சேவகனைக் குனிந்து பார்த்தார்.

“எங்க மொதலாளியை மட்டும் மன்னிக்க வேண்டாமுங்க சாமி. அவரு தெரிஞ்சேதான் அடிச்சாரு. அடுத்த வருசம் அவரை நானே பாத்துக்கறேன்.”