ஒரு விரல் இடம்

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நியூட்ரலைக் காட்டும் பச்சை விளக்கு மட்டும் எரிய மாட்டேன் என்றது.

அவள் இடது பாதத்தால் கியரை மேலே தட்டினாள். இரண்டாவது விழுந்தது. கீழே மிதித்தாள். முதலாவது. இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய நியூட்ரல் கண்ணாமூச்சி ஆடியது.

கிளட்சைப் பிடித்திருக்கும்போதே வண்டி மெல்ல முன்னால் நகரப் பார்த்தது.

“பாத்தீங்களாண்ணே? பிடிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்? ஒரு மாசமா இப்படித்தான். பின்னாடி யாரோ உக்காந்து உந்துற மாதிரி போகுது.”

மெக்கானிக் பின் இருக்கையைப் பார்த்தார். பார்த்திருக்க வேண்டாம்.

அவள் டேங்கை ஒட்டி முன்னால் ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள். பின்னால் ஓர் ஆள் உட்காரத் தாராளமாக இடம் இருந்தது.

அந்த வண்டி அவள் புருஷனுடையது. காய்ச்சல் என்று படுத்தவன், நான்காம் நாள் இல்லாமலே போய்விட்டான். மூன்று மாதமாகிறது.

இப்போது அதுதான் அவளுக்குச் சோறு. வீடு வீடாகப் போய் நோயாளிகளின் ரத்தம் எடுத்து, சூடு ஏறும் முன் ஆய்வுக்கூடத்தில் சேர்க்கிற வேலை. நேற்று சிக்னலில் நின்ற வண்டி துள்ளி, குறுக்கே போன பள்ளிப் பிள்ளையின் புத்தகப் பையில் இடித்துவிட்டது. ஒரு சாண் தள்ளிப் போயிருந்தால் பையோடு நின்றிருக்காது.

இன்றைக்குச் சரியாகாவிட்டால் விற்றுவிடுவது என்று முடிவு. வண்டி போனால் வேலையும் போயிற்று. வாங்குகிற ஆள் மாலையில் வருகிறான். அவனைப் பேசி வைத்த கொழுந்தன், கைபேசியும் கையுமாகப் பட்டறை வாசலில் நின்றான்.

“அண்ணி, நான் ஓட்டினா நியூட்ரல் வெண்ணெய் மாதிரி விழுது. வண்டிக்கு உங்களப் பிடிக்கல, அவ்வளவுதான்.”

“உன்னப் பாத்து பயந்து விழுந்திருக்கும்டா” என்றாள், அவன் பக்கம் திரும்பாமல்.

கொழுந்தன் சொன்னது பொய்யில்லை. மெக்கானிக் ஓட்டியபோதும் விழுந்தது. ஆயில் நல்ல ஆயில். கிளட்சைப் பிரித்துப் பார்த்தாயிற்று. பிளேட்டுகளில் ஒரு வளைசல் இல்லை. கேபிளோ போன மாதம் அவரே சரிபார்த்தது. சர்வீசுக்கு வந்தபோது அதன் திருகு அளவுக்கு மீறி வெளியே முறுக்கப்பட்டிருந்தது. ‘எந்தப் புண்ணியவான் இப்படி இழுத்துக் கட்டி வச்சான், பிளேட்டு கருகிப் போகுமே’ என்று திட்டிக்கொண்டே அதை உள்ளே இறக்கி, முறைப்படி தளர்த்தி விட்டிருந்தார்.

வண்டியில் கோளாறு இல்லை. ஆனால் அவள் ஏறினால் மட்டும் வண்டி பிடிகொடுக்கவில்லை.

அவர் அவளுடைய இடது கைக்கருகே குனிந்தார்.

“முழுசாப் பிடிம்மா.”

“முழுசாத்தாண்ணே பிடிச்சிருக்கேன்.”

இல்லை. கிளட்ச் லிவர் கைப்பிடியைத் தொடவில்லை. நடுவில் ஒரு விரல் கனத்துக்கு இடம் இருந்தது.

அவள் சும்மா பிடிக்கவுமில்லை. விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. முழங்கை வரை நரம்பு புடைத்திருந்தது. இடையில் எதுவோ இருந்து தடுப்பதுபோல லிவர் அங்கேயே நின்றது.

மெக்கானிக் தன் ஆள்காட்டி விரலை அந்த இடைவெளியில் நுழைத்துப் பார்த்தார். லிவர் அதை அழுத்தவில்லை. பட்டும் படாமலும் நின்றது, விரலுக்குப் பழகினதுபோல.

சூடு பட்டவர்போல விரலை உருவிக்கொண்டார்.

“உனக்கு ஓட்டச் சொல்லிக் கொடுத்தது யாரும்மா?”

அவள் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

“அவருதான். வேற யாரு? என்னை முன்னாடி உக்கார வச்சுட்டு, சாய்ச்சிருவேன்னு பயந்து, பின்னாடி இருந்து கைப்பிடிய அவரே பிடிச்சுக்குவாரு. அதுக்கு மேலதான் என் கை. ஒருநாள் கிளட்சை ஒரே அமுக்கா அமுக்கி அவரு விரல நசுக்கிட்டேன். நகமே கருத்துப் போச்சு, பாவம். அதுலேருந்து பாத்துத்தான் பிடிப்பேன்.”

கொழுந்தன் கைபேசியைக் கீழே இறக்கினான்.

அவள் மறுபடி கியரைத் தட்டிக்கொண்டிருந்தாள். தான் சொன்னது என்னவென்று அவளுக்கே தெரியவில்லை.

‘இன்னும் கொஞ்சம் அமுக்கும்மா.’ அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. ஒரு நொடியில் தீர்ந்துவிடும். ஆனால் மெக்கானிக் ஸ்பேனரை எடுத்தார்.

கேபிள் நுனியில் இருந்த திருகைப் பார்த்தார். மரையின் வெளிக்கோடியில் ஒரு வளையம் மட்டும் துரு ஏறாமல் பளபளத்தது. வருஷக் கணக்கில் நட்டு அங்கேதான் நின்றிருக்கிறது. கிளட்ச் எவ்வளவு தூரத்தில் விடுபட வேண்டும் என்று தன் விரலை வைத்து அளந்து முறுக்கியிருக்கிறான் அந்தப் புண்ணியவான்.

அவர் திருகை ஒவ்வொரு மரையாகத் திருப்பி, அந்தப் பளபளப்பில் கொண்டுபோய் நிறுத்தினார்.

“இப்பப் போடும்மா.”

அவள் மெதுவாகத் தட்டினாள்.

பச்சை விளக்கு எரிந்தது.

வண்டி நகரவில்லை. அவள் மூச்சுக்கூட விடாமல் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னண்ணே கோளாறு?” என்றான் கொழுந்தன்.

“போன மாசம் நான் செஞ்ச தப்பு.” அவர் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே அவளிடம் சொன்னார்: “பிளேட்டு சீக்கிரம் தேயும்மா. தேய்ஞ்சா வா, மாத்திக்கலாம். அந்தத் திருகை மட்டும் யாரையும் தொட விடாதே.”

கொழுந்தன் வாசலுக்குப் போய், வாங்க வேண்டிய ஆளைக் கூப்பிட்டு, வர வேண்டாம் என்று சொன்னான்.

அவள் கிளம்புவதற்காகக் கிளட்சைப் பிடித்தாள். லிவருக்கும் கைப்பிடிக்கும் நடுவில் ஒரு விரல் இடம் அப்படியே இருந்தது.

யாருக்கும் வலிக்காத அளவுக்கு.