நல்ல தண்ணிக்குப் பூட்டு

"இண்டையில இருந்து ஒருத்தரும் தண்ணிக்கு வரவேண்டாம்!"

விமலேஸ்வரி படலையைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகினா. வெளியே வெறுங்குடத்தோடு நின்றவள் மீனம்மாவின் மகள் சுமித்திரா. எட்டு மாத வயிறு.

பின்னால் வந்த மீனம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிளிநொச்சி டவுன் வளர்ந்து வளர்ந்து இந்த ஒழுங்கை வரைக்கும் வந்துவிட்டது. தண்ணிதான் வரவில்லை. எந்த வளவில் கிணறு வெட்டினாலும் உவர். நல்ல தண்ணி விமலேஸ்வரி வீட்டில் மட்டும். ஒழுங்கை முழுக்க அங்கேதான் அள்ளியது.

"அக்கா, புள்ளத்தாச்சிக்குக் கூடவா தண்ணி இல்ல? நாங்க மலைநாட்டு ஆளுங்கன்னுதானே?"

"ஆரெண்டாலும் இல்லை. தண்ணி லொறி, பௌசர் வரும், பிடியுங்கோ."

பௌசர் வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை. ஒழுங்கை கொதித்தது.

"சாகேக்க கிணத்தையும் தூக்கிக்கொண்டு போவாவோ?" என்றார் முன்வீட்டுச் சிவராசா. "அவவின்ர தண்ணியே வேண்டாம். குழாய் கேப்பம், வாங்கோ!"

ரோசம் லேசுப்பட்டதா? ஒரு வீடு மிச்சமில்லாமல் நீர் வழங்கல் சபைக்குப் போய்க் குழாய் கேட்டார்கள்.

சுமித்திராவின் பிள்ளை தவழத் தொடங்கிய மாதம், மீனம்மா வீட்டு முற்றத்தில் குழாய் சீறியது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"கெணத்தப் பூட்டின மகராசி வந்து பாக்கட்டும்!"

குழாய் பொருத்த வந்த சபை ஊழியன் பிரதாபன் நிமிர்ந்தான்.

"அவவையோ ஏசுறியள்? போன வருஷம் நாங்கள் குழாய் வேணுமோ எண்டு வீடு வீடாக் கேட்டனாங்கள். எல்லாரும் 'விமலேஸ்வரியக்கான்ர கிணறு இருக்கு, குழாய் ஏன்?' எண்டிட்டினம். ஒரே ஒரு வீடுதான் ஓம் எண்டது. ஒரு வீட்டுக்காக ரோட்டைத் தோண்டேலாதெல்லே, திரும்பிப் போயிட்டம்."

"எந்த வீடு?"

"அந்தக் கிணத்து வீடுதான். 'பெண்டுகள் எத்தினை காலத்துக்குக் குடம் சுமக்கிறது தம்பி' எண்டு கேட்டவா."

மீனம்மா முதல் குடத்தை நிரப்பி இடுப்பில் ஏற்றிக்கொண்டு, நேரே அந்தப் படலையில் போய் நின்றாள்.

"சொல்லியிருக்கலாமே அக்கா... எம்புட்டு வசவு வாங்கினீங்க!"

விமலேஸ்வரி சிரித்தா.

"சொல்லாமலோ? குழாய் எடுங்கோ எண்டு புத்தி சொல்லேக்க ஒருத்தரும் அசையேல்லை. ரோசம் வந்தவுடன எல்லாரும் ஓடினியள்."

இடுப்பிலிருந்த திறப்பை எடுத்துப் பூட்டைத் திறந்தா.

"ஆனா அண்டைக்கு உன்ர பிள்ளையை வெறுங்குடத்தோட அனுப்பிப்போட்டு, எனக்கு ஒரு வாய்த் தண்ணி இறங்கேல்லையடி."