அரக்கன் உட்காருகிறான்
இருபத்திரண்டு வருடமாகத் தொலைக்காட்சிக்கு அரக்கர் கதைகள் எழுதிவரும் ஹிரானுமா, இன்றுதான் முதன்முறையாக டோக்கியோ படப்பிடிப்புக் கூடத்துக்கு வந்திருக்கிறார். இன்று அவருடைய அரக்கன் சாகிற நாள். மதிய வெயில் மேல்ஜன்னல் வழியே இறங்கி, முழங்கால் உயர அட்டை நகரத்தின் கூரைகளில் தேன்போலப் படிந்திருக்கிறது. அரக்கன் வேடத்தின் ரப்பர் உடைக்குள்ளிருந்து நடிகர் குசாகாவின் குரல் வருகிறது. "நீங்க பாட்டுக்கு 'அரக்கன் அழுகிறான்'னு எழுதிட்டீங்க, சார். இது கண்ணாடிக் கண்ணு. எப்படி அழறது?" இயக்குநர், "அந்த வரிய எடுத்துடலாம். குண்டு போட்டு முடிச்சுடலாம்" என்கிறார். ஹிரானுமா பேனாவைத் திறந்து அந்த வரியை அடித்துவிட்டு, "உட்காருகிறான்" என்று எழுதுகிறார். கேமரா ஓடுகிறது. அரக்கன் வாலை ஒதுக்கிக்கொண்டு, ஒரு வீடும் நசுங்காமல் தெருவில் மெல்ல உட்கார்ந்து, பக்கத்துக் கூரையை ஒற்றை விரலால் தடவுகிறான். 'கட்' சொல்ல வாய் திறக்கும் இயக்குநர் சொல்லாமல் நிற்கிறார். பிலிம் ஓடித் தீர்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறது.