இன்னும் இரண்டு நாள்

சிறையின் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் ஒச்சம்மாவின் புருஷன் பரமன் நின்றிருந்தான்.

வேட்டி மடிப்பிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்துக் காட்டினான். முகமெல்லாம் சிரிப்பு.

"பணம் புரண்டுருச்சு புள்ள. கட்டிட்டா இன்னைக்கே வந்துரலாம்."

அவள் வலையை ஒட்டி வந்தாள்.

"எந்த ஆட்ட வித்த?"

"ஒண்ணையும் விக்கல."

அதற்குப் பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

மேய்ச்சலுக்குத் தடைபோட்ட காப்புக்காட்டுக்குள் ஆடுகள் நுழைந்துவிட்டதுதான் வழக்கு. அன்று மேய்த்தவள் அவள். அபராதம் கட்டு, இல்லையென்றால் இருபது நாள் உள்ளே இரு என்றது கோர்ட்டு. வீட்டில் இருந்ததே ஒன்பது உருப்படி. அதில் நான்கு சினை. பரமன் ஆடுகளைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

ஒச்சம்மா மாற்றுச்சேலையை மடித்து மஞ்சள் பைக்குள் வைத்தாள்.

"நான் போய் இருந்துட்டு வாரேன்."

வந்து இருந்துவிட்டாள். இன்றோடு பதினெட்டு நாள்.

சரிவுகளில் ஏறி இறங்காததால் முழங்கால் வலி விட்டுப்போயிருந்தது. யாரோ வடித்த சோற்றை உட்கார்ந்த இடத்தில் தின்றாள். அதை வெளியே சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"பின்ன ஏது பணம்?"

"கூட மேய்க்கிறவுக சேந்து குடுத்தாக. நான் கேக்கவே இல்ல. திருப்பித் தர வேண்டாம்னுட்டாக."

முடிச்சை அவிழ்த்துக் காட்டினான். பத்தும் இருபதும் ஐம்பதுமாக, சுருட்டிச் சுருட்டி வைத்த நோட்டுகள்.

அவள் வெகுநேரம் அதையே பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

உள்ளே, அவளுடைய பாய்க்குப் பக்கத்துப் பாயில் ரெஜினா என்றொரு பெண் இருந்தாள். ரயிலில் கொய்யாப்பழம் விற்கிறவள். அனுமதி இல்லாமல் விற்றாள் என்று பிடித்தார்கள். அபராதம் கட்டப் பணமில்லை. முப்பது நாள். இன்றைக்குத்தான் ஐந்தாவது நாள். இதுவரை அவளைப் பார்க்க ஒருவரும் வரவில்லை.

சோற்றுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பாள். பக்கத்து வீட்டில் விட்டுவந்த மூன்று வயசுப் பிள்ளை அடுத்தவர் கையால் சாப்பிடாதாம்.

"எனக்கு இன்னும் ரெண்டு நாள்தான?" என்றாள் ஒச்சம்மா.

"அதுக்கு?"

"உள்ள ஒரு புள்ள இருக்கா. கொய்யாப்பழக்காரி. அபராதம் இம்புட்டுதான் வரும், அவளுக்குக் கட்டிரு."

பரமனுக்கு ஒன்றும் ஓடவில்லை.

"யாரு அது? நம்ம ஊர்ப்பக்கமா?"

"தெரியல. நான் கேக்கல."

"உனக்குன்னு குடுத்த பணம் புள்ள இது. அவுக மூஞ்சில நான் எப்பிடி முழிப்பேன்?"

"ஒருத்திய வெளிய கொண்டாரத்தான குடுத்தாக?"



இருபத்தாறு வருஷமாக அவளை அவனுக்குத் தெரியும். ஒன்றைச் சொல்லிவிட்டு இப்படி நாடியைத் தூக்கி நின்றாள் என்றால் மேற்கொண்டு பேச்சே கிடையாது.

நோட்டுகளைத் திரும்பவும் முடிந்தான். துண்டை உதறித் தோளில் போட்டான்.

"அவ பேரு என்ன?"

கோர்ட்டிலிருந்து விடுதலைச் சீட்டு வந்து சேர நாலு மணி ஆகிவிட்டது.

பேரைக் கூப்பிட்டதும் ரெஜினா எழுந்தாள். தன்னையா என்று இரண்டு தடவை கேட்டாள். செருப்பைக்கூடத் தேடவில்லை, ஓடினாள். கதவு வரை போனவள், பணம் கட்டியது யார் என்று வார்டர் அம்மா சொன்னதும் திரும்பி வந்தாள். ஒச்சம்மாவின் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்தாள்.

"போ. பிள்ளை பசியா இருக்கும்."

போய்விட்டாள்.

கதவைப் பூட்டிய வார்டர் அம்மா, சாவிக்கொத்தைக் கையில் பிடித்தபடி நின்றாள். உறவு தெரியாமல் அவளுக்கு மண்டை காய்ந்திருக்க வேண்டும்.

"ஏம்மா, அவ உனக்கு என்ன வேணும்?"

ஒச்சம்மா சுவரில் சாய்ந்து, பக்கத்துப் பாய் வரைக்கும் காலை நீட்டினாள்.

"ஒண்ணும் வேணாம்த்தா."