கூப்பிடு தூரம்

ஓரத் தண்டவாளத்தில் ஒதுக்கி நிறுத்தியிருந்த சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டியில் கார்டு இருதயராஜ் உட்கார்ந்திருந்தார். நிலக்கரி போய்ச் சேரவேண்டிய சிமெண்ட் ஆலையின் புகைபோக்கி கண்ணெதிரே தெரிந்தது. பயணிகள் வண்டிகள் எல்லாம் போனபிறகுதான் ஆலைவரை போகும் இந்தக் குட்டி ஓட்டத்துக்கு வழி விடுவார்கள். இறங்கிப் போகவும் முடியாது; எந்த நேரமும் சிக்னல் விழலாம். பக்கத்துச் சாலையில், அதே ஆலைக்கு நிலக்கரி அடிக்கும் லாரிக்காரன் பேச்சிமுத்து காலையிலிருந்து போவதும் வருவதுமாக இருந்தான்.

“இன்னும் இங்கனயேவா இருக்கிய, அண்ணாச்சி?”

“எக்ஸ்பிரஸ் போவட்டும்ங்கான்.”

அடுத்த நடையில் பேச்சிமுத்து லாரியை நிறுத்தி இறங்கிவந்து, ஒரு பொட்டலத்தை நீட்டினான்.

“மத்தியானச் சாப்பாடு ஆயிட்டுடே.”

“இது ராத்திரிக்கு.”

இருதயராஜ் பச்சைக்கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.