எடுக்கப்படும்

பருவநிலை நிதியில் வாங்கிய மின்சாரப் பேருந்து, வந்த நாளிலிருந்து பணிமனை வாசலிலேயே நின்றது. செலவை ஆராய வந்த நாடாளுமன்றக் குழுவுக்கு வெயில் தாங்கவில்லை என்று விசாரணையை அந்தப் பேருந்துக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். குளிர்சாதனம் ஓட, வெளியே ஒரு டீசல் ஜெனரேட்டர் கரும்புகை கக்கிக்கொண்டிருந்தது. குழுத் தலைவர் செந்தாமரை நடத்துநர் இருக்கையில் உட்கார்ந்து, எதிரே நின்ற அதிகாரியைக் கேட்டார்.

"சார்ஜ் போட லைன் இழுக்காம பஸ்ஸ மட்டும் எதுக்கு வாங்குனீங்க?"

"நடவடிக்கை எடுக்கப்படும், மேடம்."

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க. எப்போ எடுப்பீங்க?"

"விரைவில் எடுக்கப்படும், மேடம்."

செந்தாமரைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எடுப்பேன் என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. பேருந்து ஓடாத ஊரில் இந்த ஒரு சொல் மட்டும் தங்குதடையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

உள்ளே ஆட்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, கையில் தூக்குவாளியோடு ஒரு பெண் அவசரமாகப் படியேறினாள். நடத்துநர் இருக்கையில் இருந்தவரிடம் சில்லறையை நீட்டினாள்.

"பெரியாஸ்பத்திரிக்கு ஒண்ணு குடுக்கா. எங்க வீட்டுக்காரரு பசியோட கெடப்பாரு. வண்டிய எப்ப எடுப்பாங்க?"

செந்தாமரை அதிகாரியைப் பார்த்தார். அவர் ஜன்னல் வழியாகப் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"எடுக்கப்படும்," என்றார் செந்தாமரை.

"சரிக்கா" என்று அந்தப் பெண் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரமாக உட்கார்ந்தாள்.