மூக்கன் ஆசான்

வீட்டை ஒட்டிய ஒர்க்‌ஷாப்பில் பிரசன்னா டீச்சரின் பழைய சிவப்புக் கார் உறுமிக்கொண்டு நின்றது. வர்க்கி ஆசான் காரைப் பார்க்கவில்லை. அதன் பின்னால் போய் நின்ற தன் மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

சோசாம்மா மூக்கைச் சுளித்தாள்.

அப்படியானால் பெட்ரோல் அளவுக்கு மீறித்தான் போகிறது.

மல்லப்பள்ளியில் அவருக்கு மூக்கன் ஆசான் என்று பெயர். புகையை ஒருமுறை முகர்ந்தால் போதும், பெட்ரோல் கூடுதலா காற்று கூடுதலா என்று சொல்லிவிடுவார். போன மழைக்காலத்துக் காய்ச்சல் அந்த மூக்கை அடியோடு கொண்டுபோய்விட்டது. இப்போது அவருக்கு முல்லைப்பூவும் மண்ணெண்ணெயும் ஒன்றுதான்.

வெளியே தெரிந்தால் ஊரே திருவல்லாவில் புதிதாக வந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடும். சோசாம்மாவிடம் மட்டும் சொன்னார், சொல்லும்போதே அழுதுவிட்டார்.

"என் மூக்கு இருக்குல்ல இச்சாயா," என்றாள் அவள். பெட்ரோல் வாடைக்காகவே கல்யாணமான நாள் முதல் அவரோடு சண்டை போட்டவள், அன்றிலிருந்து எந்த வண்டி வந்தாலும் புகைக்குழாய் பக்கத்தில் வந்து நிற்கிறாள்.

டீச்சரின் காருக்கு ஆக்சிஜன் சென்சாரை ஏற்கெனவே வேறு இரண்டு ஒர்க்‌ஷாப்பில் மாற்றிவிட்டார்கள். ஆனாலும் பெட்ரோலைக் குடித்துத் தீர்க்கிறது. ஆசான் சென்சாரைத் தொடவே இல்லை. குனிந்து காதைக் கொடுத்தார். எஞ்சினோடு புகைக்குழாய் சேரும் இடத்தில் டிக் டிக்கென்று சின்னச் சத்தம். இடுக்கை அடைக்கும் கேஸ்கெட் தகடு போயிருந்தது. அந்த இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே புகுகிறது. காற்று மிஞ்சிப்போச்சு என்று சென்சார் சொல்ல, கம்ப்யூட்டர் அதை நம்பிப் பெட்ரோலை ஊற்றுகிறது.

"பாவம் டீச்சரே, சென்சார் மேல ஒரு குத்தமும் இல்ல. அதுகிட்ட வந்ததை அது சொல்லுது," என்றார்.

கேஸ்கெட்டை மாற்றி, எஞ்சினை நன்றாகச் சூடேற விட்டு, மறுபடியும் மனைவியைப் பார்த்தார். அவள் குனிந்து நிமிர்ந்தாள்.

"இப்ப நாத்தமில்ல இச்சாயா," என்று எஞ்சின் சத்தத்துக்குள் அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

நிம்மதியாக மூச்சு விட்டு எஞ்சினை அணைத்தார்.

டீச்சர்தான் மூக்கை உறிஞ்சினாள். "சேச்சி, அடுப்புல என்ன வெச்சிருக்கீங்க? இங்க வரைக்கும் கருகுதே!"

ஆசான் அசையாமல் நின்றார். அதில் அதிசயமில்லை. ஆனால் சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே நின்ற சோசாம்மாவும் அசையாமல்தான் நின்றாள். பிறகுதான் ஓடினாள்.

"என்ன இருந்தாலும் ஆசான் மூக்கு மாதிரி வருமா!" என்று கார் சரியான சந்தோஷத்தில் சொல்லிவிட்டு டீச்சர் காரை எடுத்துக்கொண்டு போனாள்.

ஆசான் உள்ளே போனார். குடம்புளி போட்ட மத்திக் கறி சட்டியோடு கரியாகிக் கிடந்தது. சோசாம்மா திரும்பாமல் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"உனக்கும் போச்சா?"

"உங்களுக்கு வந்த அதே காய்ச்சல்தானே எனக்கும் வந்துச்சு."

"பின்ன இத்தனை வண்டிக்கும் எப்படிடி சொன்ன?"

அவள் ஆள்காட்டி விரலை நீட்டினாள். நுனி கறுத்திருந்தது. "குழாய் வாயில விரலால ஒரு இழு இழுப்பேன். கரி ஒட்டினா கூடுதல். துடைச்சுவிட்டு மறுபடி இழுப்பேன், ஒட்டலைன்னா சரியாச்சு. உங்க சட்டையைத் துவைச்சுத் துவைச்சு எனக்குக் கரியைப் பத்தித் தெரியாதா?"

இத்தனை நாளும் அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலைப் பார்த்ததே இல்லை.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே சோசாம்மா."

அவள் சட்டியைக் கீழே வைத்தாள்.

"எனக்கும் இல்லைன்னு தெரிஞ்சா, அன்னிக்கே நீங்க ஷட்டரை இறக்கியிருப்பீங்க."